ரூபாய்க்கு எத்தனை பென்ஸ்?
டாக்டர் அம்பேத்கரின் நாணய ஆராய்ச்சி, ஒரு துணி வியாபாரியின் பார்வையில்

டாக்டர் அம்பேத்கர் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் அரசியல் சட்டம் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மகாட் குளப் போராட்டம், பூனா ஒப்பந்தம், பௌத்தம் என்று அடுக்குவார்கள். அவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் டாக்டர் பட்டம் வாங்கிய துறை பொருளாதாரம் என்பதும், அதிலும் நாணயம், அந்நியச் செலாவணி ஆகியவற்றில் ஆழ இறங்கியவர் என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "ரிசர்வ் வங்கியே அவர் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிச்சாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னால் பார்ப்போம். புத்தகத்துக்குள் இருக்கும் விஷயம் அந்த வரியைவிடப் பெரியது.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு 1979-ல் மும்பைக்கு வந்து, மாமா கடையில் துணி மடிக்கக் கற்றுக்கொண்டவன். பிறகு லுங்கி, கைக்குட்டை என்று சொந்தமாகச் சரக்குப் பிடித்து விற்று, சில காலம் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பினேன். காலையில் எழுந்ததும் டாலர் என்ன விலை என்று பார்க்கிறவனுக்கு, இந்த ரூபாய் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, இறங்கினால் யாருக்கு லாபம் என்று கேட்கத் தோன்றுவது இயல்புதானே. அந்தக் கேள்வியோடுதான், மகாராஷ்டிர அரசு 1989-ல் வெளியிட்ட அம்பேத்கர் எழுத்துகளின் ஆறாம் தொகுதியை சர்னி ரோடு அரசுப் புத்தகக் கடையில் வாங்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மூன்று தடவை படித்த பிறகுதான் கணக்குப் பிடிபட்டது.

புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'ரூபாயின் பிரச்சினை: அதன் தோற்றமும் தீர்வும்' என்று சொல்லலாம். 1923 டிசம்பரில் லண்டனில் பி.எஸ். கிங் அண்ட் சன் என்ற பதிப்பகம் வெளியிட்டது. ஆசிரியருக்கு அப்போது வயது 32. பரோடா மகாராஜாவின் உதவித் தொகையில் 1913-ல் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித் தொகையின் காலம் முடிந்ததால் 1917-ல் பாதியிலேயே திரும்பி வந்தார். 1918 முதல் 1920 வரை நம்ம மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மகாராஜா கொஞ்சம் கொடுக்க, நவல் பதேனா என்ற பார்சி நண்பரிடம் கொஞ்சம் கடன் வாங்கி மறுபடி லண்டன் போனார். அங்கே கொடுத்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் முதலில் ஒப்பவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923-ல் பட்டம் பெற்றார். அதே ஆய்வேடுதான் இந்தப் புத்தகம். முன்னுரை எழுதியவர் அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன். மாணவனின் முடிவுகள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆனால் பல இடங்களில் ஆணி சரியாகத் தலையில் அடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொன்னார். மாணவரும் அதை அப்படியே அச்சிட்டுவிட்டார். இந்தக் காலத்து வாழ்த்துரைகளைப் படிக்கிற எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

விஷயத்துக்குள் போகுமுன் பழைய வாய்ப்பாடு ஒன்று தேவை. அந்தக் கால பிரிட்டிஷ் பவுண்டு ஒன்றுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங் ஒன்றுக்கு 12 பென்ஸ். ஆக 240 பென்ஸ். ரூபாய் 16 பென்ஸ் என்றால் பவுண்டுக்கு 15 ரூபாய். 18 பென்ஸ் என்றால் 13 ரூபாய் 5 அணா 4 பை. 24 பென்ஸ் என்றால் பத்தே ரூபாய். பென்ஸ் கூடக் கூட ரூபாய்க்கு மதிப்புக் கூடும். இன்று டாலருக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்; மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் அத்தியாயத்தை அம்பேத்கர் முகலாயர் காலத்திலிருந்து தொடங்குகிறார். வடக்கே தங்க மொஹரும் வெள்ளி ரூபாயும் சேர்ந்தே ஓடின. தெற்கே முகலாயர் கை முழுசாக எட்டாததால் நம் பக்கம் பழைய தங்க வராகனே நின்றது. சென்னைக் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-ல்தான் சென்னை அரசாங்கம் வெள்ளி ரூபாயை அளவாக வைத்து, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றியது. பழைய ஆவணங்களில் 'வராகன்' என்று படித்திருக்கும் நம் வாசகர்கள் இனி மூன்றரை ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1835-ல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தது. எடை 180 கிரெய்ன், அதில் சுத்த வெள்ளி 165 கிரெய்ன். தங்கம் சட்டப்படிச் செல்லும் பணம் என்ற நிலையை இழந்தது. யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச்சாலைக்கு எடுத்துப் போய், சிறு கூலி கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கி வரலாம். ஆகவே ரூபாயின் விலை என்பது அதற்குள் இருக்கும் வெள்ளியின் விலைதான். அதில் அரசாங்கத்தின் கை நுழைய இடமில்லை.

தொல்லை 1870-களில் தொடங்கியது. ஜெர்மனி வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறியது; பிரான்சும் அதன் கூட்டு நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதை நிறுத்தின; அமெரிக்கச் சுரங்கங்களோ வெள்ளியைக் கொட்டின. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது, அதோடு ரூபாயும் சரிந்தது. 1870-களின் தொடக்கத்தில் 22 பென்ஸுக்கு மேல் இருந்த ரூபாய் 1892-93-ல் சுமார் 15 பென்ஸுக்கு வந்துவிட்டது. பவுண்டு ஒன்றுக்குச் சுமார் 11 ரூபாய் கொடுத்த இடத்தில் 16 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்திய அரசாங்கம் ஆண்டுதோறும் லண்டனுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. கடன் வட்டி, ரயில்வே வட்டி, ஓய்வூதியம், ராணுவச் செலவு எல்லாம் அதில் அடக்கம். வரி வசூல் ரூபாயில், கட்டவேண்டியது பவுண்டில். வரவு ஒரு நாணயத்திலும் செலவு வேறு நாணயத்திலும் இருக்கிற கடைக்காரன் பாடு எப்படியோ அப்படித்தான் அரசாங்கத்தின் பாடும். ரூபாய்ச் சம்பளம் வாங்கி மனைவி மக்களுக்கு இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பிய வெள்ளைக்கார அதிகாரிகளும் கூச்சல் போட்டார்கள்.

கூச்சல் போடாதவர்களும் இருந்தார்கள். ஏற்றுமதி செய்தவர்கள்! மும்பை நூற்பாலைகள் அந்தக் காலத்தில் சீனாவுக்கு நூல் அனுப்பின. சீனாவும் வெள்ளி நாடு. லங்காஷயர்காரன் தங்கத்தில் செலவு செய்து வெள்ளியில் விற்க வேண்டும். மும்பைக்காரனுக்குச் செலவும் வெள்ளி, வரவும் வெள்ளி. சீனச் சந்தையிலிருந்து லங்காஷயர் நூலை மும்பை நூல் தள்ளிவிட்டது. கோதுமை, பருத்தி, எண்ணெய் வித்து அனுப்பியவர்களுக்கும் ரூபாய் இறங்க இறங்க உள்நாட்டில் கூடுதல் ரூபாய் கிடைத்தது. ரூபாய் விழுந்தால் நாட்டுக்கு நல்லது என்ற பேச்சு அப்போதே பிறந்தாயிற்று.

இன்றைக்கும் அதே பேச்சுதான். போன வருஷம் தாராவியில் தோல் பை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு திருநெல்வேலிப் பையன் என்னிடம், "ரூபா விழுந்தா நமக்கு நல்லதுதானே அண்ணாச்சி?" என்று கேட்டான். 'நமக்கு' என்றால் யாருக்கு? இங்கேதான் அம்பேத்கர் வருகிறார்.

ரூபாய் இறங்கியதால் ஏற்றுமதிக்காரனுக்குக் கிடைத்த கூடுதல் லாபத்தை எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்த லாபமாகவே எண்ணினார்கள். அவர் அதை நிறுத்தி, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ரூபாயின் மதிப்பு இறங்கினால் உள்நாட்டில் விலைவாசி ஏறும். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. சரக்கை விற்பவனுக்கு ஏறிய விலை கிடைக்கிறது. அதைச் செய்து கொடுத்தவனுக்குப் பழைய கூலிதான் போகிறது. நடுவில் நிற்கும் வித்தியாசம்தான் அந்த லாபம். ஆக அது இங்கிலாந்துக்காரன் பையிலிருந்து வந்ததல்ல, நம்ம கூலிக்காரன் தட்டிலிருந்து வந்தது. நாட்டுக்குள்ளேயே ஒரு வகுப்பாரிடமிருந்து இன்னொரு வகுப்பாருக்குக் கை மாறிய பணம். வெள்ளைக்காரனுக்கும் இந்தியனுக்கும் நடக்கும் சண்டையாகவே செலாவணி விவகாரத்தைப் பார்த்த காலத்தில், இந்தியனுக்கும் இந்தியனுக்கும் உள்ள கணக்கையும் எடுத்து மேசையில் வைத்தார்.

நான் விற்கிற வகுப்பைச் சேர்ந்தவன். ஆகவே இதை எளிதாக ஒத்துக்கொண்டுவிட மனம் வரவில்லை. 1991-ஐ எடுத்து ஒத்துப் பார்த்தேன். அந்த ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாக ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாய் இருந்த டாலர் 26-ஐத் தொட்டது. எங்கள் மார்க்கெட்டில் ஏற்றுமதிக்காரர்கள் பேடா வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்திருந்த என் லுங்கிச் சரக்குக்கும் டாலருக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வந்தது. கொஞ்ச நாளில் நூல் விலை ஏறிற்று, சாய விலை ஏறிற்று, அரிசி விலையும் ஏறிற்று. நெய்து கொடுத்தவர்களுக்குக் கூலி ஏறியது அடுத்த பொங்கலுக்குத்தான். பழைய பேரேட்டில் தேதி போட்டு இருக்கிறது. 1880-களைப் பற்றி அவர் எழுதியது 1991 பேரேட்டுக்கும் பொருந்துகிறது.

சரி, 1893-க்குத் திரும்புவோம். ரூபாய் விழுவதைத் தடுக்க, ஹெர்ஷல் குழுவின் யோசனைப்படி அந்த ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி நாணயச்சாலைகளைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். இனி அரசாங்கம் மட்டுமே ரூபாய் அடிக்கும். ரூபாய்த் தட்டுப்பாடு வந்தால் அதன் விலை ஏறும் என்பது கணக்கு. சில ஆண்டுகளில் 16 பென்ஸுக்கு ஏறவும் செய்தது. ஆனால் கிராமத்துப் பெண்களின் கொலுசும் காப்பும் என்ன ஆயின? பஞ்சம் வந்தால் வெள்ளி நகையை எடை போட்டு ரூபாயாக்கிக்கொள்ளலாம் என்றுதானே சேர்த்து வைத்தார்கள். அதுவரை வெள்ளியும் ரூபாயும் ஒன்று. மூடிய அன்றிலிருந்து வெள்ளி வேறு, ரூபாய் வேறு. பிற்பாடு அவுன்ஸ் வெள்ளி 24 பென்ஸுக்கு வந்தபோது ரூபாய்க்குள் இருந்த வெள்ளியின் மதிப்பு சுமார் 9 பென்ஸ். அதன் முகத்தில் அடித்த மதிப்போ 16 பென்ஸ். மீதி 7 பென்ஸ் அரசாங்கத்தின் அச்சுக்குக் கிடைத்த விலை. சீனாவுக்கு நூல் அனுப்பிய மும்பை ஆலைக்காரர்களுக்கும் அடி விழுந்தது. வரவு வெள்ளியில், செலவு மட்டும் விலை ஏறிய ரூபாயில்.

1898-99-ல் ஃபௌலர் குழு, இந்தியாவுக்குத் தங்க நாணயமே வேண்டும் என்று சொன்னது. சவரன் 15 ரூபாய் என்று சட்டம் ஆயிற்று. மும்பையில் தங்க நாணயச்சாலை வைப்பதாகப் பேச்சு நடந்து, லண்டன் கருவூலம் முட்டுக்கட்டை போட்டதில் நின்றுபோனது. சட்டத்தில் இருந்தது ஒன்று, நடைமுறையில் வளர்ந்தது வேறொன்று. இந்த வேறொன்றுக்குத் தங்கப் பரிமாற்றத் திட்டம் என்று பெயர்.

நம் வாசகர்களில் வியாபாரக் குடும்பத்தார் பலர் இருப்பதால் உண்டியலை வைத்துச் சொல்கிறேன். கல்கத்தாவில் சணல் வாங்கிய லண்டன் வியாபாரி பணம் அனுப்ப வேண்டும். லண்டனில் இருக்கும் இந்தியா மந்திரி, பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் புதன்கிழமைதோறும் உண்டியல் விற்பார். கவுன்சில் பில் என்று பெயர். வியாபாரி பவுண்டைக் கட்டி உண்டியலை வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்புவார். கல்கத்தா, மும்பை, சென்னைக் கருவூலங்களில் அதைக் காட்டினால் ரூபாய். மந்திரிக்கு லண்டன் செலவுக்குப் பவுண்டு கிடைத்துவிடும். நம்மூர்ச் செட்டியார்கள் ரங்கூனுக்கும் சென்னைக்கும் உண்டியல் ஓட்டியது போலத்தான். உண்டியல் அதிகம் விற்றால் இங்கே கொடுக்க ரூபாய் போதாது. உடனே வெள்ளி வாங்கி ரூபாய் அடிப்பார்கள். அடித்ததில் கிடைத்த லாபம் தங்க ஆதார நிதி என்ற பெயரில் லண்டனிலேயே தங்கும். ரூபாய் விழும் ஆபத்து வந்தால் அந்த நிதியைக் காட்டி இங்கிருந்து லண்டனுக்கு எதிர் உண்டியல் விற்பார்கள். 1908-ல் அப்படி விற்று ரூபாயைத் தாங்கியும் காட்டினார்கள்.

இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து 1913-ல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். பின்னாளில் உலகமே கொண்டாடிய பொருளாதார மேதை. அப்போது வயது 30. 1906 முதல் 1908 வரை லண்டன் இந்தியா அலுவலகத்தில் வேலை பார்த்தவர், இந்தியா வந்ததில்லை. தங்கத்தை ஆள் ஆளுக்குப் பையில் வைத்துக்கொண்டு அலைவது வீண். உள்நாட்டுக்கு மலிவான நாணயம், வெளிநாட்டுக் கடனுக்கு மட்டும் தங்கமும் பவுண்டும் என்ற இந்திய ஏற்பாடு நாளைய உலகத்துக்கே வழிகாட்டி என்பது அவர் கட்சி. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான வாதம். படிக்கும்போது நானே தலையாட்டினேன்.

அம்பேத்கர் தலையாட்டவில்லை. செலாவணி 16 பென்ஸில் ஆடாமல் நிற்கிறது என்று காட்டுகிறீர்கள், உள்நாட்டில் ரூபாய் என்ன வாங்குகிறது என்பதைப் பார்த்தீர்களா என்பது அவர் முதல் கேள்வி. 1900-க்குப் பிறகு இங்கே விலைவாசி ஏறியதை அட்டவணை போட்டுக் காட்டுகிறார். பவுண்டோடு ரூபாய்க்கு இருக்கும் உறவு லண்டனில் கணக்கு வைத்திருப்பவனுக்கு முக்கியம். கோடிக்கணக்கான பேருக்கு முக்கியம் ரூபாய்க்கும் அரிசிக்கும் உள்ள உறவு.

அடுத்த வாதம்தான் எனக்கு அவருடைய மூளையின் கூர்மையைக் காட்டியது. உள்ளே 9 பென்ஸ் வெள்ளி, முகத்தில் 16 பென்ஸ் என்றால் அந்த ரூபாயை யாரும் உருக்க மாட்டார்கள், ஏற்றுமதி செய்யவும் மாட்டார்கள். தேவைக்கு மேல் அடித்துவிட்டால் போகிற வழி இல்லை. சந்தையிலேயே சுற்றி விலையை ஏற்றும். அடிக்கக் கதவு உண்டு, திரும்பக் கதவு இல்லை. சரி, அதற்குத்தான் லண்டனில் ஆதார நிதி இருக்கிறதே என்பார்கள். அந்த நிதி எப்படி வளர்கிறது? ரூபாய் அடித்த லாபத்தால். அதாவது கடன் வாங்க வாங்கத்தான் பெட்டியில் பணம் சேரும். பெட்டி நிறைந்திருக்கிறது என்று காட்டுகிறவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பதையும் சேர்த்தே காட்டுகிறான். நம்ம வியாபாரத்தில் இப்படி ஒரு கணக்கை ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாணயம் அடிப்பதில் லாபம் இருக்கும்வரை அடிக்கிற கை சும்மா இருக்காது. ஆகவே பொதுமக்களுக்கு மூடிய நாணயச்சாலையை அரசாங்கத்துக்கும் மூடு என்றார். இருக்கும் ரூபாய் இருக்கட்டும். இனி ஒன்றுகூட அடிக்காதே. புதுப் பணம் வேண்டுமானால் தங்கத்தைக் கொண்டுவந்து தங்க நாணயமாக அடித்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் விகிதம் ஒன்று வைத்துவிடு, ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கும் பொறுப்பையும் வைத்துக்கொள்ளாதே. வரம்பு கட்டிவிட்டால் நிர்வாகம் செய்ய ஆளே தேவையில்லை என்பது அவர் தீர்வு.

இந்த இடத்தில் எங்கள் சமண நூல் ஒன்று நினைவுக்கு வந்தது. தத்துவார்த்த சூத்திரத்தில் இல்லறத்தாரின் கள்ளாமை விரதத்துக்கு வரும் குற்றங்கள் என்று ஐந்தைச் சொல்வார்கள். குறைந்த அளவையாலும் கூடிய அளவையாலும் வாங்கி விற்பது அதில் ஒன்று. நல்ல சரக்கில் போலியைக் கலப்பது மற்றொன்று. கடையில் படிக்கல் குறைந்தால் திருட்டு என்கிறோம். ரூபாயும் ஒரு படிக்கல்தான், ஊர் முழுக்க அதை வைத்துத்தான் அளக்கிறது. அந்தக் கல்லைத் தேய்க்கிற உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அம்பேத்கர் பொருளாதார மொழியில் கேட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பண்டிதர்கள் கோபிக்கக் கூடாது.

கெய்ன்ஸ் புகழ்ந்த திட்டம் முதல் உலகப் போரில் உடைந்தது. வெள்ளி விலை எகிறியது. அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டினால் 16 பென்ஸ் ரூபாயை உருக்கினால் லாபம். 1917 ஆகஸ்டில் அது தாண்டியது. விகிதத்தை 17 பென்ஸ் ஆக்கினார்கள், 1918-ல் 18 ஆக்கினார்கள், இப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளி போதாமல் 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க் காகித நோட்டு முதன்முதலாக வந்தது. 1920 பிப்ரவரியில் வெள்ளி 89 பென்ஸைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து பாபிங்டன் ஸ்மித் குழு இனி ரூபாய் 24 பென்ஸ் தங்கம் என்று சொல்லிற்று. குழுவில் இருந்த ஒரே இந்தியரான மும்பைத் தரகர் தாதிபா தலால் மட்டும் 16-ஐ விடாதீர்கள் என்று மாற்றுக் குறிப்பு எழுதினார். கேட்கவில்லை. சில மாதங்களிலேயே சந்தை திரும்பியது. 24-ஐத் தாங்கிப் பிடிக்க அரசாங்கம் ஐந்தரைக் கோடி பவுண்டுக்கு எதிர் உண்டியல் விற்றுத் தோற்று, செப்டம்பரில் கையை விட்டது. 1921-ல் ரூபாய் 16 பென்ஸுக்கும் கீழே கிடந்தது. 24 பென்ஸ் கணக்கில் சீமைத் துணிக்கு ஆர்டர் கொடுத்த இறக்குமதி வியாபாரிகள், துறைமுகத்துக்கு வந்த சரக்கை எடுக்க முடியாமல் தவித்தார்கள். பலர் எடுக்கவே மறுத்தார்கள். ஆய்வேட்டின் முக்கால்வாசி வேலை இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் உட்கார்ந்து செய்தது.

ஒரு வேடிக்கை. அம்பேத்கர் புத்தகம் வந்த அதே 1923 டிசம்பரில், அதே லண்டனில் கெய்ன்ஸின் இன்னொரு புத்தகமும் வந்தது, பணச் சீர்திருத்தம் பற்றி. அதில் கெய்ன்ஸ், செலாவணி விகிதம் ஆடாமல் இருப்பதைவிட உள்நாட்டு விலை ஆடாமல் இருப்பது முக்கியம் என்று வாதாடினார். அம்பேத்கர் கெய்ன்ஸின் பழைய புத்தகத்தோடு மல்லுக்கு நின்ற கட்சிக்கு இது பக்கத்துக் கட்சி! வழிதான் நேர் எதிர். கெய்ன்ஸ் அதைக் கெட்டிக்கார நிர்வாகியிடம் ஒப்படைக்கச் சொன்னார். அம்பேத்கருக்கு நிர்வாகியிடம் நம்பிக்கை இல்லை. அந்நியன் ஆட்சியில், லண்டன் மந்திரியின் கையில் உண்டியல் பெட்டியைப் பார்த்தவருக்கு எப்படி நம்பிக்கை வரும்?

1925-26-ல் ஹில்டன் யங் ராயல் கமிஷன் வந்தது. 16 பென்ஸா, 18 பென்ஸா என்று நாடு இரண்டுபட்டது. மும்பை ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் 16, அரசாங்கம் 18. தேசாபிமானி என்றால் 16 என்று சொல்ல வேண்டும் என்ற நிலை. கமிஷனில் இருந்த சர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் 16-க்காகவே மாற்றுக் குறிப்பு எழுதினார். சாட்சி சொல்ல வந்தவர்களில் 34 வயது அம்பேத்கரும் ஒருவர். அவர் இரண்டு பக்கமும் சேரவில்லை. 16-க்கு இறக்கினால் விற்கிறவனுக்கு லாபம், கூலிக்காரனுக்கும் மாதச் சம்பளக்காரனுக்கும் நஷ்டம் என்று அங்கேயும் சொன்னார். இரண்டுக்கும் நடுவில், 18-க்குக் கிட்டத்தில் நிற்கட்டும் என்பது அவர் யோசனை. மும்பையில் உட்கார்ந்துகொண்டு மும்பை முதலாளிகள் பக்கமும் சாயாமல், அரசாங்கத்தின் திட்டத்தையும் ஒப்புக்கொள்ளாமல் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். கமிஷன் 18 என்றது, 1927-ல் சட்டமாயிற்று.

இனி அந்த ரிசர்வ் வங்கிப் பேச்சு. ரிசர்வ் வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது இதே ஹில்டன் யங் கமிஷன்தான். 1934-ல் சட்டம், 1935 ஏப்ரல் 1-ல் வங்கி. அந்தக் கமிஷன் முன் அம்பேத்கர் சாட்சியம் சொன்னார், நாணயத்தை இந்தியா மந்திரியின் விருப்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அவர் புத்தகம் வலு சேர்த்தது. இவ்வளவு உண்மை. ஆனால் அந்தப் புத்தகத்தின் தீர்வு மத்திய வங்கி அல்ல. விருப்பம்போல் கூட்டிக் குறைத்து நிர்வகிக்கும் அமைப்பையே வேண்டாம் என்றவரை, அந்த அமைப்பின் தந்தை என்று மாலை போடுவது அவர் எழுதியதைப் படிக்காததால் வருகிற மரியாதை.

அவர் தீர்வு நடைமுறைக்கு ஒத்து வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம் உண்டு. 1931 செப்டம்பரில் இங்கிலாந்தே தங்கத்தை விட்டது. விளைபொருள் விலை படுத்துவிட்ட அந்த ஆண்டுகளில் நம் கிராமத்து நகைகள் உருகிக் கப்பல் ஏறின. தங்கம் வெளியே ஓடுகிற நேரத்தில், ரூபாயும் அடிக்கக் கூடாது, தங்கம் வந்தால்தான் புதுப் பணம் என்று வைத்திருந்தால் கழுத்து இன்னும் இறுகியிருக்கும். வரம்பு கட்டுவது விலை ஏறுகிற காலத்துக்கு மருந்து. விலை சரிகிற காலத்துக்கு அதே மருந்து ஒத்துக்கொள்ளாது. கேனன் மாணவனோடு எங்கெல்லாம் மாறுபட்டாரோ தெரிந்து சொல்ல எனக்குப் படிப்புப் போதாது, இந்த இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஆனால் யார் தட்டிலிருந்து யார் தட்டுக்குப் போகிறது என்று அவர் போட்ட கணக்கில் ஓர் அணா பிசகவில்லை. திருநெல்வேலிப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். "அப்போ கூலியக் கூட்டச் சொல்றீங்களா?" என்றான். டாலர் ஏறிய மாதமே கூட்டு என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை என்ற அந்த 18 பென்ஸ் விகிதம், நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், அணா போய் நயா பைசா வந்த பிறகும் அப்படியே நின்றது. 1966 ஜூன் 6-ல்தான் மாறியது. பவுண்டு 21 ரூபாய், டாலர் ஏழரை ரூபாய். அம்பேத்கர் அதைப் பார்க்க இல்லை. அவருடைய புத்தகம் 1947-ல் மும்பை தாக்கர் கம்பெனி வெளியீடாக மறுபதிப்பு வந்தபோது, 'இந்திய நாணயம், வங்கி வரலாறு, முதல் பாகம்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 1923-க்குப் பிறகு நடந்ததை இரண்டாம் பாகமாக எழுத எண்ணம். தாதர் ஹிந்து காலனியில், நம் மாட்டுங்காத் தமிழர்கள் நடந்தே போகிற தூரத்தில், புத்தகங்களுக்காகவே அவர் கட்டிய ராஜகிருகம் வீடு இருக்கிறது. மறுபதிப்பு வந்த அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்ட மந்திரியாகி டெல்லியில் பொறுப்பேற்றார். அரசியல் சட்ட வேலை வந்தது, பிறகு இந்து சட்டத் தொகுப்பு, பிறகு உடல் நலிவு. 1956 டிசம்பர் 6-ல் காலமானார். இரண்டாம் பாகம் வரவில்லை.